ராசி பார்த்துத் தேர்ந்த பட்டம்

கியோட்டோவில் உள்ள கியோமிசு கோவிலுக்குப் போகிறவர்கள் அதன் பெரிய மரமேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, படியிறங்கி, ஒத்தோவா அருவியின் மூன்று தாரைகளில் ஒன்றை அகப்பையில் ஏந்திக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவது வழக்கம். நானும் முதல்முறை அப்படித்தான் திரும்பினேன். இரண்டாம் முறை போனபோதுதான், மேடைக்குக் கீழே மரங்களுக்கு நடுவில் ஒரு நினைவுக்கல் நிற்பதைப் பார்த்தேன். ‘வட வானின் வீரர்கள் அதெருயி, மொரே’ என்று அதில் பொறித்திருக்கிறது. 1994ஆம் ஆண்டு நிறுவிய கல் அது. அந்த இருவரும் 802ஆம் ஆண்டில் தலை வெட்டிக் கொல்லப்பட்டவர்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டு வந்த படைத்தலைவர் சகானோவே நோ தமுராமாரோ, கியோமிசு கோவிலின் தொடக்ககாலப் புரவலர் என்று அந்தக் கோவிலே போற்றும் மனிதர். வென்றவரின் கோவில் வளாகத்தில் தோற்றவர்களுக்குக் கல் நிற்கிறது. தமுராமாரோ அன்று தாங்கியிருந்த பட்டம் பின்னாளில் ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களின் பட்டமானது, அதைத்தான் இன்று உலகம் முழுவதும் ‘ஷோகுன்’ என்று சுருக்கிச் சொல்கிறோம்.

தமிழில் பலர் ‘ஷோகன்’ என்று எழுதுவது ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்த பழக்கம். ஜப்பானியர்கள் முதல் எழுத்தை நீட்டி ‘ஷோ’ என்றும், அடுத்ததைத் தெளிவாக ‘குன்’ என்றும் சொல்கிறார்கள். பட்டத்தின் முழுப்பெயர் ‘செய் இ தாய் ஷோகுன்’ என்பதாகும். எழுதும்போது இது ஐந்தே சீன எழுத்துகள். ‘செய்’ என்றால் படையெடுத்து அடக்குவது, ‘தாய்’ என்றால் பெரிய, ‘ஷோ’ என்றால் தலைமை தாங்குபவர், ‘குன்’ என்றால் படை. விட்டுவிட்ட ‘இ’ என்ற இரண்டாவது எழுத்துக்குக் ‘காட்டுமிராண்டிகள்’ என்பது அகராதிப் பொருள். சேர்த்துப் படித்தால் ‘காட்டுமிராண்டிகளை அடக்கும் பெரும் படைத்தலைவர்’ என்று வரும். இதில் ‘ஷோகுன்’ என்ற கடைசிப் பகுதிக்குத் தனிப் பெருமை எதுவும் கிடையாது, சீனாவிலிருந்து வந்த பொதுச் சொல் அது. அதே இரண்டு எழுத்துகளைக் கொரியர்கள் ‘ஜாங்குன்’ என்று படித்து, ஜப்பானியக் கப்பல்களைச் சிதறடித்த யி சுன் சின்னின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். சீனச் சதுரங்கத்தில் எதிராளியின் தலைவனுக்கு ‘செக்’ வைக்கும்போது சொல்வதும் இதே சொல்தான். ‘ஷோகி’ என்ற ஜப்பானியச் சதுரங்கத்தின் பெயரில் வரும் ‘ஷோ’வும் இதே எழுத்து. ஆகவே பட்டத்தின் தனித்தன்மை முழுவதும் முதல் இரண்டு எழுத்துகளில், குறிப்பாக அந்த ‘இ’யில் இருக்கிறது.

ஜப்பானிய எழுத்துகளை நோட்டுப்புத்தகத்தில் கட்டம்போட்டு எழுதிப் பழகிய நாள்களில் எனக்கு மிகவும் பிடித்த எழுத்துகளில் ‘இ’யும் ஒன்று. கைகளை விரித்து நிற்கும் மனிதனின் வடிவத்தின்மேல் ஒரு வில்லின் வடிவத்தை வைத்தால் அந்த எழுத்து வந்துவிடும். பழைய சீன அகராதி விளக்கமும் இதையே சொல்கிறது: மனிதனும் வில்லும் சேர்ந்த எழுத்து, கிழக்குத் திசை மக்களைக் குறிப்பது. சீனர்கள் தங்களை உலகின் நடுவில் வைத்துக்கொண்டு, நான்கு திசைகளிலும் இருந்த அயலாருக்கு நான்கு பெயர்களைச் சூட்டியிருந்தார்கள், கிழக்கில் இருந்தவர்களுக்குக் கிடைத்த பெயர் இது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 3ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சீன வரலாற்று நூல் ஜப்பான் தீவுகளைப் பற்றிச் சொல்லும் பகுதி, ‘கிழக்கத்திய இ மக்கள்’ என்ற அதிகாரத்துக்குள்தான் அமைந்திருக்கிறது. சீனர்களின் பார்வையில் ஜப்பானியர்களே ‘இ’. பின்னாளில் ஜப்பானின் பழைய அரசான யமாத்தோ சீனாவைப் பார்த்துத் தன் சட்டங்களையும் அரண்மனை முறைகளையும் அமைத்துக்கொண்டபோது இந்த உலகப்படத்தையும் அப்படியே வாங்கிக்கொண்டது. நடுவில் தன்னை வைத்துக்கொண்டால் ஓரத்தில் யாரையாவது வைத்துத்தானே ஆகவேண்டும்? ஹோன்ஷு தீவின் வடகிழக்கில் வாழ்ந்த எமிஷி மக்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

எமிஷிகள் குதிரைமேல் இருந்தபடி வில்லெய்வதில் தேர்ந்தவர்கள். ஒரே அரசனின்கீழ்த் திரளாமல் ஊர் ஊராக, தலைவர் தலைவராகப் பிரிந்து வாழ்ந்தவர்கள். 720இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோதே ‘காட்டுமிராண்டிகளை அடக்கும் படைத்தலைவர்’ என்ற பெயரில் ஒருவரை அரசு அனுப்பியதாகப் பதிவு இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் கன்மு பேரரசர் காலத்தில் சண்டை முற்றியது. 789இல் கி நோ கொசாமி நடத்திச் சென்ற பெரும்படையின் ஒரு பகுதி கித்தாகாமி ஆற்றைக் கடந்துசென்று, எமிஷித் தலைவர் அதெருயியின் ஆட்கள் விரித்த பொறியில் சிக்கிக்கொண்டது. அன்று ஆற்றில் மூழ்கி இறந்தவர்கள் மட்டும் 1036 பேர் என்று அரசு ஆவணமே ஒப்புக்கொள்கிறது. அம்பு பட்டு இறந்தவர்கள் 25 பேர்தாம். கவசத்தோடு தண்ணீரில் குதித்தவர்களைத் தண்ணீரே கொன்றுவிட்டது. அதன்பிறகு 794இல் ஒரு லட்சம் வீரர்களைத் திரட்டி, ஒத்தோமோ நோ ஒத்தோமாரோ என்ற முதியவரைத் தலைமைக்கு வைத்தார்கள். அவருடைய துணைத்தலைவர்களில் ஒருவர் தமுராமாரோ. 797இல் தலைமைப் பட்டம் அவருக்கே வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்தில் இது பதவி என்பதைவிட ஒரு பணி. புறப்படும் தலைவருக்குப் பேரரசர் தம் கையால் ஒரு வாளைக் கொடுப்பார். ‘செத்தோ’ என்ற அந்த வாள் கையில் இருக்கும்வரை, தண்டிக்கும் அதிகாரம் உட்பட, பேரரசரின் அதிகாரத்தில் ஒரு பங்கு அவரிடம் இருக்கும். போர் முடிந்து தலைநகர் திரும்பியதும் வாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாள் திரும்பினால் அதிகாரமும் திரும்பியது என்று பொருள். பின்னாளில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போன ஒரு பட்டம், தொடக்கத்தில் வேலை முடிந்ததும் ஒப்படைக்கவேண்டிய இரவல் பொருளாக இருந்தது.

தமுராமாரோவைப் பற்றிய பழைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று அவருடைய உருவத்தை ஆசையோடு வரைகிறது. உயரம் ஐந்து ஷாக்கு எட்டு சுன், அதாவது இன்றைய அளவில் ஏறத்தாழ 176 சென்டிமீட்டர். பருந்தின் கண்கள், பொன்னிழைகளைக் கட்டிவைத்ததுபோன்ற தாடி. சினந்து பார்த்தால் விலங்குகள் செத்துவிழும், சிரித்தால் சின்னக் குழந்தைகள் ஒட்டிக்கொள்ளும். வேண்டும்போது உடல் எடையைக் கூட்டவும் குறைக்கவும் அவரால் முடிந்தது என்றும் அது சொல்கிறது. அதை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் அவருடைய குடும்பம் ஆசியக் கண்டத்திலிருந்து வந்து குடியேறிய மரபைச் சேர்ந்தது என்பதும், அயலாரை அடக்கும் பட்டம் வந்தேறி வம்சத்தவர் ஒருவரால்தான் புகழ்பெற்றது என்பதும் நம்பத்தகுந்த செய்திகள்.

801இல் 40,000 பேரோடு போன அவர், அடுத்த ஆண்டு இசாவா கோட்டையைக் கட்டினார். கோட்டை எழுந்ததும் அதெருயியும் மொரேயும் 500க்கும் மேற்பட்ட ஆட்களோடு வந்து சரணடைந்தார்கள். அவர்களைத் தலைநகருக்கு அழைத்துச் சென்ற தமுராமாரோ, இருவரையும் திருப்பி அனுப்பினால் மற்ற எமிஷிகளையும் இணங்கவைக்கலாம் என்று அரசவையில் எடுத்துச் சொன்னார். தலைநகரிலேயே இருந்த பிரபுக்கள் அதை ஏற்கவில்லை. விலங்கு மனம் கொண்டவர்களை விட்டுவிடுவது புலியை வளர்த்து இடரைத் தேடிக்கொள்வதாகும் என்றார்கள். கவாச்சி நாட்டில் இருவரையும் கொன்றார்கள். போர்க்களத்தைப் பார்த்தவன் உயிரைக் காக்கப் பேசுவதும், பார்க்காதவன் வெட்டச் சொல்வதும் ஜப்பானுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல.

805இல் மக்களின் சுமையைக் காரணம் காட்டிக் கன்மு பேரரசர் இந்தப் போர்களை நிறுத்திக்கொண்டார். சில ஆண்டுகளில் எமிஷிப் போர்கள் ஓய்ந்தன, பட்டத்துக்கும் வேலையில்லாமல் போயிற்று. ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் அது பழைய ஆவணங்களுக்குள் தூங்கியது.

அதை எழுப்பியவர் மினமோத்தோ நோ யொரித்தோமோ. தைரா குலத்தை 1185இல் ஒழித்து, 1189இல் வடக்கே ஹிராயிசுமியை ஆண்ட புஜிவாரா கிளையையும் அழித்து, காமாகுராவில் இருந்தபடி போர்வீரர்களின் தனி ஆட்சியை நடத்திவந்தவர். ஹிராயிசுமிமீது படையெடுக்கத் தலைநகரிலிருந்து அனுமதி வராமல் இழுத்தடித்தபோது, ஓபா காகேயொஷி என்ற மூத்த வீரர் அவருக்கு ஒரு பழைய சீன வாசகத்தை எடுத்துச் சொன்னார்: படைக்குள் இருக்கும்போது படைத்தலைவரின் கட்டளைதான் செல்லும், பேரரசரின் ஆணை செல்லாது. யொரித்தோமோ அனுமதிக்குக் காத்திராமல் புறப்பட்டார். 1190இல் தலைநகருக்குப் போனபோது அரண்மனைக் காவற்படையின் வலப்பிரிவுத் தலைவர் என்ற உயர்பதவி அவருக்குக் கிடைத்தது, சில நாள்களிலேயே அதைத் துறந்துவிட்டு ஊர் திரும்பினார். 1192இல் ‘காட்டுமிராண்டிகளை அடக்கும் பெரும் படைத்தலைவர்’ ஆனார்.

ஏன் அந்தப் பட்டம்? வரலாற்று நூல்கள் நெடுங்காலம் சொன்ன விளக்கம் அழகாக இருந்தது. வடக்கை வென்றவர் வடக்கை அடக்கும் பட்டத்தைத்தான் விரும்பிக் கேட்டார், ஓய்வுபெற்ற பேரரசர் கோ ஷிராகாவா கொடுக்க மறுத்துவந்தார், 1192இன் மூன்றாம் மாதம் அவர் இறந்ததும் வழி திறந்தது என்பார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆவணம் கவனத்துக்கு வந்து இந்தக் கதையைக் கலைத்துவிட்டது. நகயாமா ததச்சிகா என்ற அரசவைப் பிரபுவின் நாட்குறிப்பிலிருந்து பிற்காலத்தில் எடுத்தெழுதிய பகுதிகள் அவை. அதன்படி யொரித்தோமோ கேட்டது ‘பெரும் படைத்தலைவர்’ என்ற பெயர் மட்டுமே. அதற்கு முன்னால் என்ன அடைமொழி சேர்ப்பது என்பதை அவர் அரசவையிடம் விட்டுவிட்டார்.

அரசவையினர் நான்கு பெயர்களைப் பரிசீலித்தார்கள். முதலாவது ‘சோகான்’, அதாவது அனைத்துக்கும் மேற்பார்வையாளர். அதை முன்பு வகித்தவர் தைரா நோ முனெமோரி, அவர் தோற்றுப் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டவர். இரண்டாவது ‘கிழக்கை அடக்கும் பெரும் படைத்தலைவர்’. அதைக் கடைசியாகத் தாங்கிய கிசோ யொஷினாகா, 1184இல் அதைப் பெற்ற சில நாள்களுக்குள் போரில் மாண்டவர். போதாததற்கு, அவர் யொரித்தோமோவின் ஒன்றுவிட்ட சகோதரர், அவரைக் கொன்றது யொரித்தோமோவின் படை. மூன்றாவது ‘மேலான படைத்தலைவர்’. அதற்குச் சீனாவில் முன்னுதாரணம் உண்டே தவிர ஜப்பானில் இல்லை. எஞ்சியது நான்காவது. அதை வகித்த தமுராமாரோ வென்றார், மதிப்போடு வாழ்ந்தார், படுக்கையில் இறந்தார். ராசியான பெயர். அதையே எழுதிக்கொடுத்தார்கள்.

இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பெண் பார்க்கவோ கடைக்குப் பெயர் வைக்கவோ கூடியிருக்கும் பெரியவர்கள், ‘அந்தப் பெயர் வேண்டாம், அவன் நன்றாக வாழவில்லை’ என்று ஒவ்வொன்றாகத் தள்ளுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. எமிஷிகளைப் பற்றியோ வடக்கைப் பற்றியோ அந்த அறையில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எழுத்தின் பொருளைப் பார்க்காமல் அதைத் தாங்கியவரின் முடிவைப் பார்த்துத் தேர்ந்த ஒரு பெயர், சில இடைவெளிகளோடு 675 ஆண்டுகள் நாட்டை ஆண்டவர்களின் பெயராகிவிட்டது.

பட்டம் காமாகுராவுக்கு வந்து சேர்ந்த விதத்தை அந்த ஆட்சியின் வரலாற்றுப் பதிவான ‘அசுமா காகாமி’ விவரிக்கிறது. நியமனம் ஏழாம் மாதம் 12ஆம் நாள், தூதர்கள் வந்து சேர்ந்தது 26ஆம் நாள். இருவரும் நேரே மாளிகைக்குப் போகாமல், ட்சுருகாஓகா ஹச்சிமான் கோவிலின் முற்றத்தில் வரிசையாக நின்றுகொண்டு, ஆணையைப் பெற்றுக்கொள்ள ஆளனுப்புமாறு சொல்லிவிட்டார்கள். முதிய வீரர் மியுரா யொஷிசுமி, இரண்டு வீரர்களும் பத்துப் பணியாட்களும் கவசம் அணிந்து உடன்வர, கோவிலுக்குப் போய் அதைப் பெற்றுக்கொண்டார். ஒரு காகிதத்தை வாங்குவதற்குக் கவசம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அது படைத்தலைவரின் நியமனம், அதைப் பெறுகிறவர்கள் படையினராகக் காட்சி தரவேண்டும் என்று எண்ணியிருப்பார்கள்.

இத்தனைக்கும் யொரித்தோமோவை அவருடைய ஆட்கள் இந்தப் பட்டத்தால் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. 1232இல் காமாகுரா வெளியிட்ட சட்டத்தொகுப்பு அவரை ‘வலப்பிரிவுப் பெருந்தலைவர்’ என்றே, அவர் சில நாள்கள் மட்டும் வகித்த அந்தக் காவற்படைப் பதவியால் குறிப்பிடுகிறது. இன்றைய ஜப்பானியப் பள்ளிப் புத்தகங்களும் 1192ஐக் கொஞ்சம் இறக்கிவிட்டன. ஜப்பானிய எண்களைச் சொற்களாகப் படிக்கும் விளையாட்டில் 1192 ‘இ இ குனி’, அதாவது ‘நல்ல நாடு’ என்றாகும். ‘நல்ல நாட்டை உருவாக்குவோம், காமாகுரா ஆட்சி’ என்று ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்தது. மாகாணங்களுக்கும் நிலங்களுக்கும் அதிகாரிகளை நியமிக்கும் உரிமை யொரித்தோமோவுக்கு வந்த 1185ஐத்தான் ஆட்சியின் தொடக்கமாக இப்போது பலர் கொள்கிறார்கள். 1185 ‘இ இ ஹாக்கோ’ என்றாகும்: ‘நல்ல பெட்டி’. நாடு பெட்டியாகிவிட்டதே என்று வயதான ஜப்பானிய நண்பர் ஒருவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

இன்னொரு முரண்: கியோட்டோவின் நாகரிகப் பிரபுக்கள் கிழக்கத்திய போர்வீரர்களைக் குறிப்பிட்ட சொல் ‘அசுமா எபிசு’. ‘எபிசு’ என்பது நம் ‘இ’ எழுத்துக்கே இன்னொரு வாசிப்பு. கிழக்கத்திய காட்டுமிராண்டிகள் என்று முதுகுக்குப் பின்னால் ஏசிய கூட்டத்தின் தலைவருக்கே காட்டுமிராண்டிகளை அடக்கும் பட்டத்தைக் கொடுத்தார்கள்.

1219இல் மூன்றாவது ஷோகுன் சனெத்தோமோ கொலையுண்டு யொரித்தோமோவின் நேர்வழி அற்றுப்போனபிறகு, பட்டம் வெறும் கூடாகியது. கியோட்டோவிலிருந்து ஒரு பிரபுக் குடும்பத்துக் குழந்தையை வரவழைத்து வளர்த்து 1226இல் ஷோகுன் ஆக்கினார்கள். 1252இலிருந்து பேரரசரின் குடும்பத்து இளவரசர்களே வந்தார்கள். வாளைத் தொடாத இவர்கள் பெயருக்கு அமர்ந்திருக்க, ஹோஜோ குடும்பம் ஆட்சியை நடத்தியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாட்டை ஒன்றிணைத்த ஹிதேயோஷி ஷோகுன் ஆகாததற்கு அவர் மினமோத்தோ வம்சம் அல்லாததே காரணம் என்று இன்றும் பலர் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பிரபுக்களும் இளவரசர்களும் நினைவுக்கு வருகிறார்கள், அவர்களும் மினமோத்தோ குலத்துப் போர்வீரர்கள் அல்லர். அப்படி ஒரு கட்டுப்பாடு உறுதியாக இருந்ததாகக் கொள்ள இடமில்லை. 1338இல் ஆஷிகாகா தகாஉஜி பட்டத்தைப் பெற்றார், அவருடைய வழியில் 15 பேர். 1603இல் தொகுகாவா இயேயாசு ஃபுஷிமி கோட்டையில் அதைப் பெற்றார், அங்கும் 15 பேர்.

தொகுகாவா காலத்தின் நீண்ட அமைதியில் ‘இ’யைப் பற்றி நினைக்கவேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. 1853இல் மேத்யூ பெரி என்ற கடற்படைத் தலைவரின் அமெரிக்கக் கப்பல்கள் உராகா கடலில் வந்து நின்றபோது அந்த எழுத்து விழித்துக்கொண்டது. இந்தமுறை ‘இ’ என்றால் மேற்கத்தியர்கள். பேரரசரைப் போற்று, காட்டுமிராண்டிகளை விரட்டு என்ற முழக்கம் எழுந்தது. பட்டத்தில் எழுதியிருக்கும் வேலையைச் செய் என்று ஷோகுனைப் பார்த்துக் கேட்பதற்கு அதைவிட எளிய வாதம் வேறில்லை. ஆனால் ஷோகுனின் ஆட்சியோ 1858இல் பேரரசரின் ஒப்புதல் இல்லாமலேயே அந்த அயலாரோடு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்தது. அவற்றில் ஷோகுனைக் குறித்த சொல் ‘தைக்குன்’, அதாவது பெருங்கோ. ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல், லிங்கனுக்கு அவருடைய செயலாளர்கள் வைத்த செல்லப்பெயராகி, பிறகு பெருமுதலாளிகளைக் குறிக்கும் ‘டைகூன்’ ஆகி, நம் வணிகப் பத்திரிகைகள்வரை வந்துவிட்டது. அயலாரிடம் காட்டுவதற்கு ‘அயலாரை அடக்குபவர்’ என்ற பெயர் உதவியிருக்காதுதான்.

1863இல் இளம் ஷோகுன் இயேமோச்சி கியோட்டோவுக்குப் போனார். 1634க்குப் பிறகு, 229 ஆண்டுகள் கழித்து, ஒரு ஷோகுன் அங்கே போனது அதுவே முதல்முறை. நெருக்குதலுக்குப் பணிந்து, ஐந்தாம் மாதம் 10ஆம் நாளிலிருந்து அயலாரை விரட்டுவதாக வாக்களித்தார். சொன்ன நாளில், மேற்கே இருந்த சோஷு என்ற சிற்றரசின் ஆட்கள் ஷிமொனோசெகி நீரிணையில் அமெரிக்கக் கப்பலைச் சுட்டார்கள். வாக்குக் கொடுத்த ஷோகுனின் படை சுடவில்லை.

கடைசி ஷோகுன் யொஷினோபு 1867 நவம்பரில் ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்தார். 1868 ஜனவரி 3 அன்று பட்டமே ஒழிக்கப்பட்டது. அந்த மாதம் 27ஆம் தேதி அவருடைய படையும் புதிய அரசின் படையும் கியோட்டோவுக்குத் தெற்கே தோபாவிலும், இயேயாசு பட்டம் பெற்ற அதே ஃபுஷிமியிலும் மோதிக்கொண்டன. மறுநாள் அரசவை ஓர் இளவரசரைப் படைத்தலைவராக நியமித்து, பழைய வழக்கப்படி அவர் கையில் செத்தோ வாளைக் கொடுத்தது. அவருக்குச் சூட்டிய பெயர் ‘செய்தோ தாய் ஷோகுன்’. பழைய ஐந்து எழுத்துகளில் நான்கு அப்படியே இருக்க, இரண்டாவது மட்டும் மாறியிருந்தது. வில்லோடு நின்ற மனிதனின் இடத்தில் ‘தாக்கு’ என்ற எழுத்து வந்திருந்தது.